அட்வைஸரி வந்தது, அட்வான்ஸ் வரலை

"சார், இந்த நேரத்துல அங்க போலாமா?"

வருஷத்துக்கு நாலு தடவையாவது யாராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கிளையில் டீ நேரத்தில் பெங்காலி சகாக்கள் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை பொறுக்கும்போது நம்மவர்கள் கேட்பார்கள். நான் என்னமோ வெளியுறவுத்துறைச் செயலாளர் மாதிரி :-) பேங்கில் அன்னியச் செலாவணி மேஜையில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் தகுதி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்கிறவர் பதிலை ஏற்கனவே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார். நம்ம குடும்பங்களில் இதற்குப் பதில் சொல்வது ரெண்டு பேர். ஒருத்தர் டிவி, இன்னொருத்தர் கட்டின அட்வான்ஸ். டிவி "போகாதே"ன்னு கத்தும். அட்வான்ஸ் "போயே ஆகணும், பணம் திரும்ப வராது"ன்னு கத்தும். எவர் குரல் பெரிசோ அவர் ஜெயிப்பார். போகப்போகிற ஆட்களின் வயசு, உடம்பு, அங்கே மாட்டிக்கொண்டால் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிப்பார்கள், இதெல்லாம் விவாதத்துக்கே வராது.

இந்த ரெண்டு பேரையும் கொஞ்சம் திட்டத்தான் இதை எழுதுகிறேன். ரெண்டாவது ஆளைக் கூடுதலாக.

எங்கள் வீட்டுக் கதை 2025 பூஜா லீவு. கொல்கத்தாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், துர்கா பூஜைக்கு இந்த ஊரில் பாதிப் பேர் பந்தல் பந்தலாகச் சுற்றுவார்கள், மீதிப் பாதி பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். "தி-பு-தா" என்று இவர்களே கிண்டலாகச் சொல்வார்கள்: திகா, புரி, டார்ஜிலிங். நமக்கு அப்படியில்லை. லீவு கிடைத்தால் ஊருக்கு ரயில், இல்லாவிட்டால் கோயில். அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. 74 வயசு. நூற்றெட்டுத் திவ்யதேசத்தில் அறுபதுக்கு மேல் பார்த்தாயிற்று. வெகுநாள் ஆசை சாளக்கிராமம், அதாவது நேபாளத்து முக்திநாத். டாலிகஞ்சில் இருந்துகொண்டு முக்திநாத் போகாவிட்டால் எப்போது போவது? ஊரிலிருந்து பார்த்தால் உலகத்தின் அந்தக் கோடி. இங்கிருந்து காத்மாண்டு ஒன்றரை மணி நேர விமானம்.

தமிழ்ச் சமையல்காரரைக் கூடவே அழைத்துப்போகும் சென்னை யாத்திரை ஏஜென்ட் ஒருவரிடம் நாலு பேருக்குப் பதிவு செய்தோம். நான், தங்கமணி, அம்மா, எட்டாவது படிக்கும் பையன். தலைக்கு 48,000. பாதி அட்வான்ஸ். ஆகமொத்தம் 96,000 ரூபாய் ஜூலையிலேயே போயிற்று. செப்டம்பர் 27 காத்மாண்டுவில் குழுவோடு சேரணும். பாக்கியைக் கட்டக் கெடு செப்டம்பர் 13.

(எல்.எஃப்.சி.யில் போகலாமே என்று கேட்காதீர்கள். வெளிநாட்டுக்குக் கிடையாது. நாலு ஊர் சுற்றி நடுவில் ஒரு வெளிநாட்டைச் செருகும் வித்தைக்கும் வரிவிலக்கு கிடையாதென்று 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. சொந்தக் காசுதான்.)

அப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும். செப்டம்பர் 4 நேபாள அரசு 26 சமூக வலைத்தளங்களை முடக்கியது. 8ஆம் தேதி பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். நாடாளுமன்றத்துக்கு முன்னால் போலீஸ் சுட்டது. அன்று மட்டும் 19 பேர் செத்தார்கள். அடுத்த நாள் பிரதமர் ஒலி ராஜினாமா. நாடாளுமன்றம், சிங்க தர்பார், சுப்ரீம் கோர்ட் எல்லாம் எரிந்தன. 9ஆம் தேதி மதியம் மூடிய காத்மாண்டு விமான நிலையம் 10ஆம் தேதி சாயங்காலம்தான் திறந்தது. மொத்தச் சாவு எழுபதைத் தாண்டியது. நம்ம வெளியுறவுத்துறை, நிலைமை சீராகும்வரை நேபாளப் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி அட்வைஸரி விட்டது.

அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் வீடியோ கால் மாநாடு. மாம்பலம் பெரியப்பா, "எதுக்குடா விஷப்பரீட்சை? அம்மாவை வச்சுக்கிட்டு விளையாடாதே" என்றார். பெங்களூர் மச்சான், "மாப்ளே, இதெல்லாம் ஒரு வாரத்துல அடங்கிடும். இலங்கைல 2022ல என்ன ஆட்டம், டூரிஸ்ட் ஒருத்தன் மேல கை வச்சானா?" என்றார். ஏஜென்ட் மறுநாள் காலையில், "நத்திங் டு வொர்ரி சார், போக்ரா எல்லாம் அமைதியா இருக்கு" என்றார்.

மூன்று பேருமே தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் படித்தவர்கள் மத்தியில் இந்த வாதத்துக்கு மவுசு அதிகம். "மக்கள் கோபம் அரசாங்கத்து மேல, நம்ம மேல இல்லை." கொழும்பில் 2022 ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்தபோது அது உண்மைதான். வெளிநாட்டுக்காரனுக்கு அங்கே கஷ்டம் பெட்ரோல் இல்லாததுதான். ஆனால் காத்மாண்டுவில் ஹில்டன் எரிந்தது. இன்னொரு பெரிய ஹோட்டலில் தீ வைத்தபோது, பசுபதிநாதரைத் தரிசிக்க வந்திருந்த நம் நாட்டுப் பெண்மணி ஒருவர் மாடியிலிருந்து தப்பிக்க முயன்று இறந்தார். அவர் மேல் யாருக்கும் கோபம் இல்லை. கட்டடத்தின் மேல்தான் கோபம், அவர் கட்டடத்துக்குள் இருந்தார். கோபம் யார்மேல் என்கிற நுண்ணரசியல் எல்லாம் நெருப்புக்குத் தெரியாது. அமைதியான போக்ராவிலும் அதே நாள் ஹோட்டல்கள் எரிந்தன, ஏஜென்ட் சாருக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை.

இதே இலங்கையில் 2019 ஏப்ரல் 21ஐ நினைத்துப் பாருங்கள். போர் முடிந்து பத்து வருஷம். கலவரம் இல்லை, ஊர்வலம் இல்லை, எந்த டிவியிலும் கொழும்பு இல்லை. ஈஸ்டர் காலை கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் தேவாலயங்களிலும் குண்டு. 250க்கு மேல் செத்தார்கள். முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கப்பட்டும் மேலே இருந்தவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அந்த அலட்சியத்துக்காக 2023 ஜனவரியில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் முன்னாள் ஜனாதிபதி சிறிசேனாவை 10 கோடி ரூபாய், அவர்கள் காசில், நஷ்டஈடு கட்டச் சொன்னது. ஆக, டிவியில் வராத ஊர் பத்திரமான ஊர் என்பதும் இல்லை.

அடுத்து பெரியப்பா. அவர் மேல் எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனால் அவர் பயப்படுகிற ஊர்களின் பட்டியலில் கொல்கத்தாவும் ஒன்று! 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர் மருத்துவமனை விவகாரத்தில் இந்த ஊரே தெருவுக்கு வந்தது. ஆகஸ்ட் 14 ராத்திரி பெண்கள் கைக்குழந்தையோடு நடந்தார்கள், எங்கள் தெரு மாமிகளும் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் பெரியப்பா டிவியைப் பார்த்துவிட்டு "எல்லாரும் உடனே கிளம்பி வந்துடுங்க" என்றார். நான் அடுத்த நாள் காலை வழக்கம்போல பை எடுத்துக்கொண்டு வெண்டைக்காய் வாங்கப் போனேன். டிவியில் ஊருக்கு நாலு மூலை கிடையாது, எரிகிற ஒரே மூலைதான் உண்டு. துபாயிலோ தோஹாவிலோ இருக்கும் நம்மவர்களைக் கேளுங்கள், 2025 ஜூனில் ஊரிலிருந்து எத்தனை போன் வந்ததென்று சொல்வார்கள்.

அந்த ஜூலையில் தாய்லாந்து, கம்போடியா எல்லையில் ஐந்து நாள் சண்டை நடந்தபோது எங்கள் கிளையில் ஒருத்தர் புக்கெட் போவதை ரத்து செய்தார். சண்டை நடந்தது சூரின், சிசாகெட் பக்கம். கன்னியாகுமரியில் கலவரம் என்று சென்னையில் கல்யாணத்தை நிறுத்துவது மாதிரி. தூரம் அதைவிட அதிகம். அங்கே நம் தூதரகம் விட்ட அறிவிப்பு இன்னின்ன மாகாணங்கள் என்று பேர் போட்டுத்தான் சொன்னது. யாரும் படிக்கவில்லை. "தாய்லாந்தில் போர்" என்ற நாலு அங்குல எழுத்து போதுமாயிருந்தது.

இன்னொரு மூடநம்பிக்கை, வெளிநாடு என்றால் ஆபத்து, நம்ம நாடு என்றால் பத்திரம் என்பது. 2025 ஏப்ரல் 22 பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், அது நம்ம நாடு. செப்டம்பரில் நேபாளத்தை ரத்து செய்த என் சகா ஒருவர், "தி-பு-தா இருக்கும்போது என்ன கவலை" என்று தசமி முடிந்து குடும்பத்தோடு டார்ஜிலிங் போனார். அக்டோபர் 4 ராத்திரி கொட்டிய மழையில் மிரிக் பக்கம் மலை சரிந்தது. சிலிகுரியிலிருந்து மிரிக் போகிற வழியில் துதியா இரும்புப் பாலம் விழுந்தது. மலையில் மட்டும் இருபதுக்கு மேல் சாவு. அவர் ரெண்டு நாள் மாட்டிக்கொண்டு சுற்றுவழியாகக் கீழே இறங்கினார். அதே ராத்திரி, அதே மழை, எல்லைக்கு அந்தப்பக்கம் நேபாளத்து இலாமிலும் முப்பத்தைந்துக்கு மேல் ஆட்களைக் கொன்றது. மழைக்கு பாஸ்போர்ட் கிடையாது. கலவரம் என்று பார்த்தாலும், 2017ல் இதே டார்ஜிலிங்கில் கூர்க்காலாந்து கேட்டு 104 நாள் கடையடைப்பு. ஜூன் சீசனில் மலையேறியவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

இதையெல்லாம் சொல்வது "எல்லா இடமும் ஆபத்துதான், அதனால கவலைப்படாம போங்க" என்பதற்காக இல்லை. அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். கேள்வியை மாற்றுங்கள் என்கிறேன்.

நாங்கள் கடன் கொடுக்கும்போது "இந்த ஆள் நல்லவரா?" என்று ஃபைலில் எழுதுவதில்லை. பணம் வராமல் போனால் எதைப் பிடிப்போம், எத்தனை நாளில் பிடிப்போம், நஷ்டம் யார் தலையில் என்றுதான் எழுதுவோம். பயணமும் அப்படித்தான். "அந்த நாடு பத்திரமா?" என்பதற்குப் பதிலே கிடையாது. நிலைமை கெட்டால் எத்தனை மணி நேரம் அடைபட்டுக் கிடப்போம், எங்களில் பலவீனமான ஆள் அத்தனை நேரம் தாங்குவாரா, இதற்குப் பதில் உண்டு. காத்மாண்டுவில் விமான நிலையம் மூடிக் கிடந்தது சுமார் ஒரு நாள். எனக்கும் தங்கமணிக்கும் அது ஒரு நாள் அறையில் பிஸ்கட் தின்று கிடப்பது. அம்மாவுக்கு அது இன்சுலின், பிரஷர் மாத்திரை, மாடிப்படி. லிஃப்ட் நின்றுபோன ஹோட்டலில் நாலு மாடி அவளால் ஓடி இறங்க முடியாது. முக்திநாத் 3,700 மீட்டரைத் தாண்டும், போக்ராவிலிருந்து ஜோம்சோம் விமானம் காற்று எழும்புவதற்கு முன்னால் காலையில்தான் பறக்கும். அந்தப்பக்கம் மாட்டினால் ஒரு நாள் மூன்று நாளாகும். குடும்பத்தின் சராசரியை வைத்துக் கணக்குப் போடக்கூடாது, கடைசி ஆளை வைத்துத்தான் போடணும்.

பணம் என்கிற சமாச்சாரத்தையும் யாரும் யோசிப்பதில்லை, இது என் தொழில் என்பதால் சொல்கிறேன். நேபாளம், பூட்டான் பயணத்துக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி டாலர் எடுத்துப்போக முடியாது. தாய்லாந்துக்கு வாங்கின ஃபாரெக்ஸ் கார்டு அங்கே செல்லாது. நம்ம நோட்டில் நூறுக்கு மேற்பட்டது எதையும் 2018 டிசம்பரில் நேபாள அரசு தடை செய்திருந்தது. 2025 செப்டம்பரிலும் அதுதான் நிலைமை. நெட்வொர்க் போய், ஏ.டி.எம். மூடி, ஊரடங்கும் போட்டால் கையில் இருக்கும் நூறு ரூபாய்க் கட்டுதான் உங்கள் தூதரகம். ஒரு ரூபாய்க்கு அவர்கள் காசு ஒன்று அறுபது. நாலு பேருக்கு மூன்று நாள் சாப்பாடு, அறை, எல்லைவரை ஒரு வண்டி, இதற்கு நூறு ரூபாய் நோட்டாக எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டுப் புறப்பட்ட குடும்பத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. (ஆந்திர அரசு தனி விமானம் அமர்த்தித் தன் ஆட்களைக் கூட்டிவந்தது. அதை நம்பி நாம் பட்ஜெட் போட முடியாது. கொல்கத்தாவில் இருக்கும் தமிழனை எந்த அரசு தன் ஆள் என்று எண்ணும் என்பது தனிக் கேள்வி.)

என்னைப் போன்ற அரசு வங்கி ஆசாமிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நாடு தாண்ட முன் அனுமதி வாங்கணும், சொன்ன தேதிக்குத் திரும்பணும். அந்த வருஷம் செப்டம்பர் 30 அரையாண்டு முடிவும் மகா அஷ்டமியும் ஒரே நாள். ஆணி அத்தனையையும் யாரோ எனக்குப் பதிலாகப் பிடுங்குவதாக ஒத்துக்கொண்டுதான் லீவு. மூன்று நாள் தாமதமானால் அந்த ஆள் நிலைமை?

கெடு தேதியான செப்டம்பர் 13க்கு வருவோம். முந்தின ராத்திரிதான் சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்றிருந்தார். சிறைகளிலிருந்து ஓடிப்போன பதின்மூன்றாயிரம் சொச்சம் கைதிகளில் பெரும்பாலோர் இன்னும் வெளியில். ஏஜென்ட்டிடம் மூன்று கேள்வி கேட்டேன். ஹோட்டலில் கீழ்த்தளத்தில் அறை உண்டா? விமானம் நின்றால் ரக்ஸவுலுக்கோ பானிடங்கிக்கோ தரைவழியாகக் கொண்டுவந்து விடுவீர்களா, அந்தச் செலவு யாருடையது? தேதியை நவம்பருக்கு மாற்றினால் அட்வான்ஸை அதற்கு வரவு வைப்பீர்களா?

மூன்றுக்கும் ஒரே பதில். "சார், நாங்க டூரைக் கேன்சல் பண்ணலையே. நீங்க வரலைன்னா அது உங்க முடிவு. ரீஃபண்ட் கிடையாது."

போகவில்லை. 96,000 ரூபாயும் அவரிடமே நின்றது.

அந்தக் குழு பத்தொன்பது பேரோடு போய்ப் பத்திரமாக வந்தது. மச்சான் போன் போட்டு, "பாத்தியா, ஒண்ணும் ஆகலை" என்றார். ஆகாமல் இருந்தது சந்தோஷம். ஆனால் ஜாமீன் வாங்காமல் கொடுத்த கடன் ஒழுங்காகத் திரும்பிவிட்டது என்பதால், ஜாமீன் வாங்காமல் கொடுத்தது சரி என்று எந்த இன்ஸ்பெக்ஷனிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முடிவைச் செய்த தேதியில் கையில் என்ன தகவல் இருந்ததோ அதை வைத்துத்தான் முடிவை எடைபோடணும்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். அந்தப் பத்தொன்பது பேரில் எத்தனை பேர் தைரியத்தில் போனார்கள், எத்தனை பேர் அட்வான்ஸுக்காகப் போனார்கள்? அதில் ரெண்டு குடும்பம் எனக்குப் பழக்கம். "பயமாத்தான் இருந்தது, ஆனா பணம் போயிடுமே" என்று அவர்களே சொன்னார்கள். அதாவது வயசான பெற்றோரை எரிந்து ஓய்ந்த ஊருக்குக் கூட்டிப்போகலாமா என்பதைத் தீர்மானித்தது ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரி. பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுப்பார்கள், செலவாகிப் போனதை அடுத்த முடிவில் சேர்க்காதே என்று. அங்கே அது பரீட்சைக்கு ரெண்டு மார்க். இங்கே அது அப்பா அம்மாவின் உயிர்.

ஐரோப்பாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2015ல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றி 2018 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் பேக்கேஜ் பயண நெறிமுறைப்படி, போகிற இடத்தில் தவிர்க்க முடியாத அசாதாரண நிலைமை ஏற்பட்டு அது பயணத்தைப் பெரிதாகப் பாதித்தால், பயணி ஒரு பைசா அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். கட்டின பணம் முழுக்கத் திரும்பவரணும், அதுவும் 14 நாளில். பிரிட்டனிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே அரசாங்கம் "போகாதே" என்றால் அந்த வார்த்தைக்குப் பண மதிப்பு இருக்கிறது.

நம்ம அட்வைஸரிக்கு என்ன மதிப்பு? வெளியுறவுத்துறை ரெண்டு வரி எழுதும், போன் நம்பர் தரும். விமான கம்பெனி, தான் ரத்து செய்த நாட்களுக்கு மட்டும் பணம் தரும். ஏஜென்ட் "நாங்க கேன்சல் பண்ணலை" என்பார். இன்ஷூரன்ஸ் என்பீர்கள். பாலிசியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். போர், உள்நாட்டுக் கலகம் பெரும்பாலான பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் இருக்கும். கலவரம் தொடங்கிய பிறகு எடுத்த பாலிசி அந்தக் கலவரத்துக்கு உதவாது. பயந்துபோய் நாமாக ரத்து செய்ததற்குப் பெரும்பாலும் காசு வராது. எல்லோரும் ஜாக்கிரதையாக விலகி நின்று, மொத்த ரிஸ்க்கையும் சம்பளக்காரக் குடும்பத்தின் தலையில் இறக்கி வைத்திருக்கிறார்கள். அப்புறம் "மக்கள் அறிவுரையை மதிப்பதில்லை" என்று அலுத்துக்கொள்வார்கள்.

ஏஜென்ட்டும் சின்ன ஆள்தானே, அவரும் காத்மாண்டு ஹோட்டலுக்கு முன்பணம் கட்டியிருப்பாரே என்று தங்கமணி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி. கட்டியிருப்பார். அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். யார் எவ்வளவு தாங்கணும் என்று முன்னாலேயே எழுதியிருந்தால் அவரும் தன் ஹோட்டலிடம் அதையே கேட்பார். அரசு அட்வைஸரி விட்டால் அந்தத் தேதிகளுக்குத் தேதி மாற்றமாவது இலவசம் என்று ஒரு வரி போட்டால் போதும். வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை.

"நாம போகாட்டி அந்த ஊர்க்காரன் பிழைப்பு என்னாகும்?" என்றொரு வாதம் உண்டு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் அதன் மறுபக்கம் இந்த ஊரிலேயே இருக்கிறது. 2024 ஜூலையில் டாக்காவில் துப்பாக்கிச் சூடு, ஆகஸ்ட் 5 ஹசீனா நாட்டை விட்டு வெளியேறினார். மைத்ரி ரயில் நின்றது, விசா சுருங்கியது. நியூ மார்க்கெட் பக்கம் மார்க்விஸ் தெருவில் வங்கதேசத்துக்காரர்களை நம்பியே ஓடிய லாட்ஜ்கள், சாப்பாட்டுக் கடைகள், பணம் மாற்றும் கடைகள் ஈ ஓட்டின. பைபாஸ் ஆஸ்பத்திரிகளிலும் அவர்கள் கூட்டம் குறைந்தது. அந்தத் தெருவில் எனக்குப் பழக்கமான கணக்குகள் உண்டு. இருப்பு எப்படி வடியும் என்று கண்ணால் பார்த்தேன். காத்மாண்டு தாமேலிலும் இப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் பிழைப்புக்காக என் அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. நிலைமை தெளிந்ததும் போவதுதான் நாம் செய்யக்கூடியது. இங்கே பலர் செய்வது என்ன? ஒரு தடவை டிவியில் பார்த்தால் பத்து வருஷத்துக்கு அந்த ஊர்ப் பேரையே எடுப்பதில்லை.

"அடுத்த வருஷம் போயிக்கலாம்" என்று பெரியப்பா சுலபமாகச் சொல்கிறார் பாருங்கள், அதுவும் இலவசம் இல்லை. அம்மா சொன்னாள்: "எனக்கு இன்னும் எத்தனை புரட்டாசி இருக்குன்னு உங்க பெரியப்பாவைக் கேட்டுச் சொல்லுடா." நாற்பது வயசுக்காரன் தள்ளிப்போடுகிற ஒரு வருஷமும் 74 வயசுக்காரி தள்ளிப்போடுகிற ஒரு வருஷமும் ஒன்றா? முழங்கால் அடுத்த வருஷம் படியேறுமா என்பதும் ரிஸ்க்தான், எந்தச் சேனலும் அதை ஒளிபரப்பாது. அதனால் தள்ளிப்போடுவதாக இருந்தால் தேதி போட்டுத் தள்ளிப்போடுங்கள். தேதி இல்லாத ஒத்திவைப்பு வயசானவர்கள் விஷயத்தில் மறுப்புதான்.

நாங்கள் நவம்பர் நடுவில் போனோம். பையனுக்குப் பரீட்சை, மச்சான் வீட்டில் விட்டோம் (சும்மா பேசினால் போதுமா, வேலையும் செய்யட்டும்!). இந்தத் தடவை ஏஜென்ட் இல்லை. இங்கிருந்து நேர் விமானம், இரண்டு நாள் முன்புவரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஹோட்டல், முதல் மாடிக்கு மேல் அறை வேண்டாம் என்று எழுதி வாங்கினேன். இன்சுலின் பத்து நாளுக்கு, நூறு ரூபாய்க் கட்டு ரெண்டு. மொத்தச் செலவு பழைய பேக்கேஜைவிடக் கொஞ்சம் அதிகம்தான். அந்தக் கூடுதலை நான் பிரீமியம் என்று எழுதிக்கொண்டேன். முக்திநாத்தில் நூற்றெட்டு தாரையிலும் குளிக்க அந்தக் குளிரில் விடவில்லை, தலையில் தெளித்துக்கொண்டாள். திரும்பும் வழியில், நான் சேவித்த கணக்கில் ஒன்று ஏறிற்று, உன் கணக்கில் எவ்வளவு இறங்கிற்று என்று கேட்டாள்.

அந்த 96,000க்கு வருகிறேன். பணத்தை விட்டுத்தொலை என்று எல்லோரும் சொன்னார்கள். விடவில்லை. வெளியூரில் இருக்கும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம்: ஏஜென்ட் சென்னையில் இருந்தால் சென்னைக்குத்தான் ஓடணும் என்பது பழைய கதை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், வக்கீல் கட்டாயமில்லை. ரசீது, அட்வைஸரி அச்சுப்பிரதி, தேதி மாற்றம் கேட்டு நான் அனுப்பிய கடிதம், "உங்க முடிவு" என்ற அவர் பதில், நாலையும் இணைத்தேன். முழுப் பணமும் கேட்கவில்லை. அவர் ஹோட்டலுக்குக் கட்டித் திரும்பி வராத தொகைக்கு ரசீது காட்டினால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறேன்.

முதல் தேதியில் அவர் தரப்பு வக்கீல் ஆஜராகி வாய்தா வாங்கியிருக்கிறார்.